கப்பல் ஏறணுமா? முதல்ல கிளாஸுக்கு வாங்க!

‘மெர்ச்சன்ட் நேவி’ என்றதும் உங்கள் மனசில் என்ன ஓடுகிறது? வெள்ளை யூனிஃபார்ம், தோளில் தங்கப் பட்டை, மாசம் பிறந்தால் டாலர் சம்பளம், போகிற நாட்டில் எல்லாம் ஷாப்பிங்... சரிதானே? கனவு காணுங்க, தப்பே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. அதே கப்பலில் கயிறு இழுப்பவர், என்ஜினுக்கு எண்ணெய் போடுபவர், கங்கையில் சரக்குப் படகை ஓட்டும் ‘சாரங்’ ஆகியோர் எல்லாம் எங்கே போய்த் தொழில் படித்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா?

அவர்களுக்கும் பள்ளிக்கூடம் உண்டு. அது வந்து சேர்ந்த கதைதான் கொஞ்சம் நீளம்!

லஸ்கர் காலம்

தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது நமக்குத் தெரியும். அடுத்து 1919 ஏப்ரல் 5-ம் தேதி, சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நாளைத்தான் இன்றும் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

சரி, கப்பல் வாங்கியாச்சு. ஓட்ட ஆள்? இந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்காரர் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள்தான். ‘லஸ்கர்’ என்று பெயர். டெக் கழுவலாம், பாய்லருக்குக் கரி அள்ளிப் போடலாம். ஆனால் கேப்டன் நாற்காலி மட்டும் கனவிலும் கிடையாது. அதிகாரிகளை உருவாக்க இங்கே ஒரு பயிற்சி நிலையம்கூட இல்லை.

1927-ல்தான் கதவு திறந்தது. பம்பாயில் ‘டஃப்ரின்’ என்ற பழைய கப்பலையே பள்ளிக்கூடமாக மாற்றினார்கள். 1972-ல் அந்த இடத்துக்கு ‘ராஜேந்திரா’ வந்தது. 1993-ல் வகுப்புகள் நவி மும்பைக் கரைக்கு ஏறி, ‘சாணக்யா’ ஆனது. இதற்கிடையே மரைன் என்ஜினீயர்களுக்கும் கொல்கத்தா, மும்பையில் பயிற்சி தொடங்கியது. சாதாரண மாலுமிகளுக்கு ‘பத்ரா’, ‘மேகலா’, ‘நவ்லட்சுமி’ என்று பயிற்சிக் கப்பல்கள் இருந்தன.

இப்படி ஆளுக்கொரு திசையில் இருந்த அரசு நிலையங்களை ஒன்றாகச் சேர்த்து, 2008-ல் இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் உருவானது. தலைமையகம் எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்தான்! கொச்சி, விசாகப்பட்டினம், கொல்கத்தா, மும்பை, நவி மும்பையிலும் வளாகங்கள் இருக்கின்றன.

ஆற்றுக்கு வந்தது லேட்டு!

கடலுக்கு ஆச்சு. ஆறு?

அலகாபாத்திலிருந்து ஹால்டியா வரை 1,620 கிலோமீட்டர் நீளும் கங்கைத் தடத்தை 1986-லேயே முதல் தேசிய நீர்வழியாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதில் படகோட்டுபவர்களுக்கான தேசிய உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி நிலையம் பாட்னாவில், கங்கைக் கரையில், வந்தது 2004-ல்தான். அதிகாரிக்கு 1927, ஆற்றுத் தொழிலாளிக்கு 2004. இடைவெளி 77 வருஷம்!

‘ஆத்துல படகு ஓட்ட எதுக்குப்பா படிப்பு? அப்பா ஓட்டினாரு, மகன் ஓட்டுறான்’ என்று தோன்றுகிறதா? அனுபவம் பெரிய விஷயம்தான். ஆனால் நடுக்கடலில் இல்லாத ஒரு தலைவலி ஆற்றில் உண்டு. ஆழம்! கங்கையில் போன வருஷம் வழி இருந்த இடத்தில் இந்த வருஷம் மணல்திட்டு நிற்கும். மூங்கில் தட்டிகளை வரிசையாக நட்டு, நீரோட்டத்தை ஒரே பக்கம் திருப்பி, ஆற்றையே மணலை அரிக்கவைத்துத் தடம் போடுகிறார்கள். அந்தத் தடத்தில் நூற்றுக்கணக்கான டன் சரக்கோடு போகிறவருக்குத் தண்ணீரைப் படிக்கவும் தெரிய வேண்டும், கருவியைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

சரக்கைவிட உசத்தி உயிர். 2009-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023-ல் கேரளத்தின் தானூரில் 22 பேர். இரண்டு படகுகளிலும் அளவுக்கு மீறிக் கூட்டம். ‘இதுக்கு மேல ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்’ என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? எத்தனை பேர் ஏறினால், எந்தப் பக்கம் சாய்ந்தால் படகு கவிழும் என்று கணக்காகத் தெரிந்தவருக்குத்தான் வரும்.

2016-ல் நாடு முழுக்க 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகள் என்று அறிவித்தார்கள். 1917-ம் வருஷத்து வெள்ளைக்காரர் சட்டத்தைத் தூக்கிவிட்டு, 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பக்கிங்காம் கால்வாய்கூட 4-ம் எண் தேசிய நீர்வழியில் சேர்த்தி. நம்புங்க!

அப்படி என்ன சொல்லித் தர்றாங்க?

கடலுக்குப் போகிற யாராக இருந்தாலும், கேப்டனோ சமையல்காரரோ, சில அடிப்படைப் பாடங்களை முடித்தே ஆகணும். லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கணும். தலைகீழாகக் கவிழ்ந்த மிதவையை ஒற்றை ஆளாக நிமிர்த்தணும். புகை மண்டிய அறைக்குள் மூச்சுக் கருவியோடு நுழையணும். முதலுதவி தெரியணும். நடுக்கடலில் ஃபயர் சர்வீஸுக்கு போன் போட முடியாது பாஸ், நீங்கதான் ஃபயர் சர்வீஸ்!

இன்னொரு முக்கியமான பாடம், மூடிய தொட்டி. இரும்புத் தொட்டி உள்ளுக்குள் துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் துரு தின்றுவிடும். பார்த்தால் காலித் தொட்டி, இறங்கினால் மரணம். விழுந்தவரைத் தூக்க அவசரமாக இறங்கும் நண்பரும் விழுவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். நம்ம ஊர் செப்டிக் டேங்க் சாவுகள் ஞாபகம் வருகிறதா? அதே கதைதான். ‘காற்றைச் சோதிக்காமல் இறங்காதே’ என்ற ஒரு வரி, மூன்று உயிர்.

பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ராதிகா மேனன் நல்ல சாட்சி. ரேடியோ ஆபீஸராகத் தொடங்கி கேப்டன் ஆன கேரளப் பெண். 2015 ஜூனில் வங்கக் கடலில், ‘சம்பூர்ண ஸ்வராஜ்யா’ என்ற எண்ணெய்க் கப்பலில் அவர் போய்க்கொண்டிருந்தபோது, என்ஜின் செத்து அலையில் தத்தளித்த ஒரு மீன்பிடிப் படகு கண்ணில் பட்டது. எட்டு மீட்டர் அலை, சூறைக்காற்று. இரண்டு முறை முயன்றும் முடியவில்லை. மூன்றாவது முறை 7 மீனவர்களும் உயிரோடு மேலே வந்தார்கள். 2016-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அவருக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ஒன்று கவனியுங்கள்: உத்தரவு கேப்டனுடையது, கயிற்றேணியைப் பிடித்து நின்ற கைகள் சாதாரண மாலுமிகளுடையவை.

போலிக் கதவு ஜாக்கிரதை!

‘பத்தாவது பாஸா? மூணே மாசத்துல கப்பல்! லட்சத்துல சம்பளம்!’ பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்திருப்பீர்கள். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போவது இந்த இடத்தில்தான். பணம் போனால்கூடப் பரவாயில்லை. சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஓட்டைக் கப்பலில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. 2024-ல் உலகம் முழுக்க முதலாளிகளால் கைவிடப்பட்ட மாலுமிகளில் இந்தியர்கள்தான் அதிகம் என்கிறது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு.

அதனால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துக்கோங்க:

* படிக்கப் போகும் நிலையமும் அந்தக் கோர்ஸும் ‘டி.ஜி. ஷிப்பிங்’ அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? கட்டடத்தைப் பார்த்து மயங்காதீங்க, பட்டியலைப் பாருங்க.

* பத்தாவது முடித்தவர்களுக்கு ‘ஜி.பி. ரேட்டிங்’ என்ற ஆறு மாதப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு நாட்டிகல் சயின்ஸ், மரைன் என்ஜினீயரிங். பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுதணும்.

* முதல் வேலையாகக் கண் டாக்டரைப் பாருங்க. நிறக்குருடு இருந்தால் டெக் வேலை கிடையாது. ஃபீஸ் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

* ஆளெடுக்கும் ஏஜென்சிக்கு ‘ஆர்.பி.எஸ்.எல்.’ உரிமம் இருக்கணும்.

* வேலை வாங்கித் தரக் கமிஷன் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துடுங்க. இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்ற பயண ஆவணங்கள் இவற்றுக்கான செலவு மட்டும்தான் உங்களுடையது.

* ‘கிளாஸுக்கே வர வேண்டாம், சர்டிஃபிகேட் வீட்டுக்கு வரும்’ என்று யாராவது சொன்னால்? தொட்டியையும் மிதவையையும் ஒருதரம் நினைச்சுப் பாருங்க. அந்தக் காகிதம் தண்ணீரில் மிதக்கும். நீங்க மிதக்க மாட்டீங்க!

லஸ்கர் தாத்தாக்களுக்கு இந்தக் கதவு கடைசி வரை திறக்கவில்லை. உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. நல்ல கதவாகப் பார்த்து நுழையுங்கள். பான் வாயேஜ்!