ஒரு வளவுக்குள் அடங்காத வருமானம்
வன்னியில் ஊர்க்கோழியும் தேனீயும்

சிறு முதலோடு என்ன தொழில் தொடங்கலாம்? வியாபாரிகள் நாலுபேர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. வன்னிப் பெருநிலப்பரப்பில், குறிப்பாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், இக்கேள்விக்கான பதில்களில் ஒன்று வீட்டு வளவிலேயே இருக்கின்றது. விசாலமான காணி, கிணறு, தென்னை, மா, முருங்கை, வேம்பு, புளி, சற்றுத் தள்ளிக் காடு. ஊர்க்கோழிக்கும் தேனீக்கும் இதைவிடத் தோதான இடம் வேறில்லை. புரொய்லர் இறைச்சி கடைக்குக் கடை கிடைத்தாலும் ஊர்க்கோழியைத் தேடி வருபவர் தேடித்தான் வருகிறார். கலப்படமற்ற தேனின் நிலையும் அதுவே.

ஆயினும் ஆர்வத்தோடு தொடங்கிய பலர் ஒரு வருடத்திலேயே கைவிட்டு விடுகின்றனர். கூடு வெறுமையாகி விடுகிறது, பெட்டியில் தேனீ இல்லை. இதற்கான காரணத்தை வியாபாரிகளான நாம் விளங்கிக்கொள்வது அவசியம். கோழியும் தேனீயும் தனியொரு வீட்டின் தொழில்களல்ல. அயலவரும் சேர்ந்து வளர்த்தால் மட்டுமே நிலைக்கக்கூடியவை.

போருக்குப் பின் வளவு

2009இல் போர் முடிந்தபோது வன்னி மக்கள் ஆடு, மாடு, கோழி என அனைத்தையும் இழந்திருந்தனர். மீள்குடியேற்றத்தின்போது வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகளும் கூடுகளும் பல குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினரும் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், சாளம்பைக்குளம், நாச்சிக்குடா போன்ற தமது ஊர்களுக்குத் திரும்பினர். காடு மண்டிய காணியைத் துப்புரவு செய்து வயலும் கடையும் பலன்தரக் காலம் எடுக்கும். அதுவரை கையில் சில்லறை தரக்கூடியது வளவுக் கோழிதான்.

2022 பொருளாதார நெருக்கடி இன்னொரு பாடத்தைத் தந்தது. தீவனத்தின் விலை ஏறியதால் பல பண்ணைகள் தடுமாறின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலை நாட்டுக்கு ஏற்பட்டது. குறுணல், தவிடு, சமையலறை மிச்சம், கறையான் என்று தன் தீனியைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும் ஊர்க்கோழியை அந்த விலையேற்றம் அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

குஞ்சு தப்பினால் இலாபம்

ஊர்க்கோழி வருடத்துக்குச் சுமார் ஐம்பது அறுபது முட்டைதான் இடும். எனவே முட்டையை நம்பி அதை வளர்ப்பதில் பெரிய பயனில்லை. அடைகாத்துத் தானே குஞ்சு வளர்க்கும் குணமே அதன் பெறுமதி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து வீடுகள், வீட்டுக்கு ஐந்து பேட்டுக்கோழிகள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு இரண்டு முறை அடைகாத்து, 21 நாட்களில் முறைக்கு ஒன்பது குஞ்சு பொரிப்பதாக வைத்தால் மொத்தம் 900 குஞ்சுகள். பிராந்து, கீரி, மாரிகால ஈரம், நோய் என்பன போக ஓர் அடைக்கு மூன்று குஞ்சு தப்பினால் விற்பனைக்கு 300 கோழி. ஆறு தப்பினால் 600. கோழியின் எண்ணிக்கையைக் கூட்டாமலே விற்பனை இரட்டிப்பாகிறது. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் முதல் சில வாரம் கவிழ்த்த கூடையிலோ வலைக்கூட்டிலோ வைப்பதும், நிலத்தில் படாத உயரக் கூடு அமைப்பதும், தடுப்பு மருந்து ஏற்றுவதும் புதிதாகக் கோழி வாங்குவதைவிட அதிக இலாபம் தருபவை.

ஒரு குப்பி மருந்தின் கதை

ஊர்க்கோழியின் முதல் எதிரி ராணிக்கெட் நோய். ஒரு வளவில் புகுந்தால் சில நாட்களில் ஊரையே வெறுமையாக்கும். இதற்கு மருந்தில்லை, தடுப்பு மட்டுமே உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விடும் தடுப்பு மருந்தின் செலவு மிகச் சொற்பம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் ஏற்றுவதில்லை? மருந்துக் குப்பி நூறு, இருநூறு அல்லது அதற்கும் மேற்பட்ட கோழிகளுக்கான அளவில்தான் வருகிறது. குளிரில் வைக்கவேண்டும், கரைத்துவிட்டால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் பாவித்துத் தீர்க்கவேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கினால் மீதி அத்தனையும் வீண். எனவே அவர் வாங்குவதில்லை. அவரது வளவில் நோய் வந்தால் அயலவரின் கோழியும் போகும். ஆபிரிக்க, ஆசியக் கிராமங்களுக்கென வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்து அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. மொசாம்பிக், தன்சானியா போன்ற நாடுகளில் அது பயன்பட்டபோதும் ஊரே ஒரே நாளில் கூடி ஏற்றுவதுதான் வழமையாயிற்று.

ஆகவே பதினைந்து இருபது வீடுகள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை பெற்று, ஒரு குப்பியை ஒரே காலையில் முடிப்பதே வழி. கோழி வளர்ப்போர் ஏற்கனவே அடைக்கோழியை இரவல் கொடுக்கிறார்கள், நல்ல சேவலின் முட்டையை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு இதையும் சேர்த்தால் போதும்.

இங்கே வியாபாரிகளுக்கும் ஒரு பொறுப்புண்டு. ஊர் ஊராகக் கோழி வாங்கும் நமது கூடையும் மோட்டார் சைக்கிளுமே பல வேளைகளில் நோயைச் சுமந்து செல்கின்றன. நோய் கண்டதும் அவசரமாக விற்கப்படும் கோழியை மலிவென்று வாங்குவது அடுத்த ஊரின் கொள்முதலை நாமே அழிப்பதாகும். கூடையைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து வெயிலில் காயவைப்பதற்கு அரைமணி நேரமே செல்லும்.

தேனீக்கு வேலி இல்லை

இலங்கையில் பெட்டியில் வளர்க்கப்படுவது நாட்டுத் தேனீ. நன்கு பராமரித்தால் ஒரு பெட்டியில் வருடத்துக்குச் சில கிலோ, வாய்ப்பான இடத்தில் பத்துக் கிலோ வரை எதிர்பார்க்கலாம். இந்தியப் புத்தகங்களில் காணும் இத்தாலியத் தேனீயின் விளைச்சலை வைத்துக் கணக்குப் போடுவது ஏமாற்றத்திலேயே முடியும்.

நாட்டுத் தேனீ கோபித்துக்கொண்டு போய்விடும் இனம். எறும்பு ஏறினால், மெழுகு அந்துப்பூச்சி புகுந்தால், வெயில் நேரே விழுந்தால், மாரியில் பூவின்றிப் பட்டினி கிடந்தால், கூட்டத்தோடு பறந்துவிடும். பெட்டியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துவதும், நிழலில் வைப்பதும், அடைமழை நாட்களில் சீனிப்பாகு கொடுப்பதும் அடிப்படை வேலைகள்.

தேனீ உங்கள் வளவில் நின்றாலும் உண்பது அயலவரின் வளவில். பக்கத்துத் தோட்டக்காரர் பூத்திருக்கும் பயிருக்குக் காலையில் பூச்சிநாசினி அடித்தால் உங்கள் பெட்டி வெறுமையாகும். அவர் மாலையில், தேனீ அடங்கியபின் அடிக்கச் சம்மதித்தால் பெட்டி பிழைக்கும். அவருக்கும் நட்டமில்லை. பூசணி, வெள்ளரி போன்றவற்றில் தேனீயால் காய்ப்பிடிப்பு அதிகரிக்கும். வருடத்தில் ஒரு போத்தல் தேனை அயலவருக்குக் கொடுப்பது நல்லுறவு மாத்திரமல்ல, மிகச் சிறந்த காப்புறுதியுமாகும்.

தேன் பிழியும் இயந்திரமும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு அது வருடத்தில் சில நாட்களே தேவை. இருபது பெட்டிக்காரர்களுக்கு ஒன்று போதும். பயிற்சி தேவைப்படுவோர் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்தி அலகு பற்றித் தமது பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் விசாரிக்கலாம்.

மார்த்தாண்டம் தரும் படிப்பினை

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மார்த்தாண்டத்தில் 1920களில் வை.எம்.சி.ஏ.யின் கிராமிய நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹட்ச் என்பவர், வீட்டு வளவில் தேன்பெட்டி வைக்கும் பழக்கத்தைப் பரப்பினார். பெட்டிகள் வீடு வீடாகவே இருந்தன. சந்தைப்படுத்தல் கூட்டுறவு முறையில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோயொன்று தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக்களில் மிகப்பெரும் பகுதியை அழித்தது. தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியே அங்கு தொழில் மீண்டது. பெட்டி பல கைகளில் பரவியிருந்ததால்தான் பிரித்தெடுக்கக் கூட்டங்கள் எஞ்சின எனலாம். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

போத்தலில் இருப்பது நம்பிக்கை

தேன் வியாபாரத்தில் சரக்கைவிட நம்பிக்கையே பெரியது. சூறத்துந் நஹ்லை அறிந்த நமது வாடிக்கையாளர் தேனை மருந்தாக எண்ணி வாங்குகிறார். அவருக்குச் சீனிப்பாகைக் கொடுப்பது வெறும் கலப்படம் அல்ல, துரோகம். ஒருவர் கலந்தாலும் “வன்னித் தேன்” என்ற பெயரே கெடும். தாளில் ஊற்றிப் பார்ப்பது, நீரில் விட்டுப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பிப் பயனில்லை. வளர்ப்பவரை அறிந்து வாங்குவதே உறுதியான சோதனை.

சர்வதேசத் தரத்தின்படி தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. மெழுகு மூடிய அடையிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அந்த அளவுக்குள் இருக்கும். மூடாத அடையின் தேனும், புழுவோடு சேர்த்துக் கையால் பிழிந்த தேனும் விரைவில் புளித்து மூடியைத் தள்ளும். பழைய சாராயப் போத்தலில் தேன் விற்கும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். புதிய கண்ணாடிப் போத்தல், எடுத்த மாதம், ஊரின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் வாங்குபவர் அடுத்த முறையும் வருவார்.

வியாபாரி செய்யக்கூடியவை

- பெரிய கொட்டகை கட்டுவதற்கு முன், ஓர் ஊரில் பதினைந்து வளவுகளைத் தெரிவு செய்யுங்கள்.
- ஐஸ் பெட்டி, தேன் பிழியும் இயந்திரம், போத்தல் ஆகியவற்றில் முதலிடுங்கள். இவை அவர்களால் தனித்தனியே வாங்க முடியாதவை.
- கடன் கொடுத்துக் கட்டிப்போடாதீர்கள். நுண்கடன் வன்னிப் பெண்களை எந்தளவுக்கு நெருக்கியது என்பதற்கு, 2018இல் அரசாங்கம் கடன் தள்ளுபடி அறிவிக்க நேர்ந்ததே சான்று. கோழியை வாரத்துக்குக் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. பங்கு விபரத்தை ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.
- கோழியை நிறுத்து வாங்குங்கள். கண்மட்டத்தில் விலை பேசினால் நட்டப்படுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான்.
- பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் கிராக்கி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி அடைவைக்கச் செய்யுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் ஊர்களில் அடைக்கோழியும் தேன்பெட்டியும் வேலி தாண்டிப் போய்வருமானால், அதில் கொள்முதலும் உண்டு, அதற்கு மேலானதும் உண்டு. அடுத்த முறை வன்னிக்குப் போகும்போது எத்தனை கோழி வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். கடைசியாக எப்போது மருந்து ஏற்றினீர்கள், எத்தனை வீடுகள் சேர்ந்தன என்றும் கேளுங்கள். அடுத்த வருடமும் அந்த ஊரில் உங்களுக்குச் சரக்கு இருக்குமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.