சோப்பைத் தின்னும் தண்ணீர்

மஞ்சளும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் குரும்பலூர் வட்டாரத்தில் துணியில் கறை படாத நாள் குறைவு. கறை போகவில்லை என்றால் சோப்பைக் குறை சொல்கிறோம், இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. உப்பு கூடுதலான போர்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, எண்ணெயில் செய்த சோப்பைக் கரைத்துப் பாருங்கள். நுரை எழும்பாது, பால் திரிந்ததுபோல வெள்ளைத் திப்பிகள் மிதக்கும். வாளியின் உள்விளிம்பில் பிசுபிசுப்பாக ஒரு சாம்பல் வளையம் ஒட்டிக்கொள்ளும். பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மெக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடுகின்றன. வெள்ளை வேட்டி நாளடைவில் மங்கிப்போவதற்கும் இந்தத் திப்பி ஒரு காரணம்.

இப்படி வீணாகும் சோப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. இந்தக் கால்சியத்தாலும் மெக்னீசியத்தாலும் வரும் கடினத்தன்மை குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. இரண்டுக்கும் இடையில் 300 என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் வாளியில் அது நாலரை கிராம். அதில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 6 கிராம் சோப்பு செலவாகும். ஆக 27 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலே தீர்ந்துவிடும். அதே வாளியில் முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துச் சற்று நேரம் விட்டால் கால்சியம் சுண்ணாம்பாக அடியில் தங்கும். பிறகு போடும் சோப்பு துணிக்கு வேலை செய்யும். வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்தது இதற்கும் உதவியது. அந்த மண்ணிலும் இதே சோடா இருக்கிறது. ஆய்வுக்கூடம் இல்லாமலே கைக்கு வந்த அந்த அறிவை நாம் போதிய அளவு மதிக்கவில்லை.

டிடர்ஜென்ட் பவுடர் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிடர்ஜென்ட் கடின நீரில் அவ்வளவாகத் திரிவதில்லை. எண்ணெய்க் கறைக்கும் சேற்றுக்கும் அது கைகொடுக்கும். ஆனால் எல்லாக் கறையும் எண்ணெய் இல்லையே. ரத்தமும் முட்டையும் புரதம். வெந்நீர் பட்டால் வெந்து நூலோடு இறுகிவிடும், ஆகவே பச்சைத் தண்ணீர்தான் முதலில். பிளீச்சிங் பவுடர் பல கறைகளை நீக்கும், கூடவே சாயத்தையும் நூலின் வலுவையும் எடுத்துக்கொண்டு போகும். அதை எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புப் பொருளோடு சேர்த்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும், ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

மஞ்சள் கறை தனி ரகம். சோப்பு பட்டதும் அது ரத்தச் சிவப்பாகும். கறை பெருகிவிட்டது என்று பலர் பயந்து துணியையே ஒதுக்கிவிடுகிறார்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், காரம் பட்டால் சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகும், அவ்வளவுதான். காரத்தில் அது சிதையும். வெயிலிலும் வேகமாகச் சிதையும். அதனால் சோப்புப் போட்டு அலசிய பிறகும் மஞ்சள் மிச்சமிருந்தால் மறுபடி தேய்த்து நூலை நோகடிக்காதீர்கள். ஈரத்தோடு, கறை வெயிலைப் பார்க்கும்படி கொடியில் போடுங்கள்.