நின்றுபோன இதழை மீண்டும் தொடங்குவோம்

எழுதும் பெண்கள் எமது பிரதேசத்தில் குறைவு என்று சிலர் கூறுவதுண்டு. எனது களப்பணியில் நான் கண்டது வேறு. படுவான்கரைக் கிராமங்களிலும் வாகரைப் பக்கத்திலும் பிள்ளைகளின் பழைய கொப்பிகளிலும், சங்கக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் கவிதையும் கதையும் எழுதி வைத்திருக்கும் பெண்கள் பலர் உள்ளனர். எழுத்துக்கு இங்கே குறைவில்லை. அதை வெளியிடவும் பாதுகாக்கவும்தான் இடமில்லை.

1978இல் சூறாவளி, 1990இல் இடப்பெயர்வு, 2004இல் சுனாமி, 2006, 2007இல் மீண்டும் இடப்பெயர்வு. பிள்ளையையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குக் கொப்பியை எடுக்க நேரம் இருக்கவில்லை. ஆகவேதான் இளம்பெண்கள் சிலர் சேர்ந்து புதிய எழுத்தாளர்களுக்காக ஒரு சிறு இணைய இதழைத் தொடங்கியபோது பலரும் மகிழ்ந்தோம். சில காலத்தின் பின் அது நின்றுபோனது. நடத்தியவர்களில் ஒருவர் திருமணமாகிச் சென்றார், மற்றவர் வேலைக்காக வெளிநாடு போனார். ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லை. பக்கங்கள் மறைந்தன. அதில் எழுதிய ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "அக்கா, தண்ணியோட போன கொப்பி போகட்டும். கம்பியூட்டருக்குள்ள போட்டது அழியாது எண்டு சொன்னாங்கதானே?"

இணையத்தில் இட்டதும் அழியும் என்பதே உண்மை. இணைய முகவரியை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கிறோம். வாடகை தவறினால் வீடு பறிபோவதுபோல அதுவும் போகும். இலவச இடமும் நிரந்தரமானதல்ல. யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிற்றிஸ் சேவையை மூடியபோது உலகெங்கும் எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னர் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏற்றப்பட்டவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்க முடியாத வெறும் குறிகளாகவே தெரியும். அவற்றை யூனிகோட் முறைக்கு மாற்றினால்தான் இன்றைய கைத்தொலைபேசியில் வாசிக்கலாம்.

இப்போது அந்த இதழை மீண்டும் தொடங்கும் பேச்சு எழுந்துள்ளது. "நின்றுபோனதை ஏன் கிளறுவான்?" என்று கேட்பவர்களும் உண்டு. சிறுசஞ்சிகைகள் நிற்பது புதிதல்ல. தமிழ்ப் புதுக்கவிதைக்கு வழி திறந்த சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கிய 'காலச்சுவடு' இடையில் நின்று, 1994இல் புதிய ஆசிரியர் பொறுப்பில் மீண்டும் வந்தது. எமது முகத்துவாரமும் மணல் திரண்டு மூடுகிறது, மாரியில் மீண்டும் திறக்கிறது. மூடியதற்காக வாவியை யாரும் கைவிடுவதில்லை.

பெண்களுக்கென்று இங்கே ஒரு பாதையும் உண்டு. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 'பெண்' என்னும் சஞ்சிகையைக் கொண்டுவந்தது. 2002இல் புலம்பெயர்ந்த பெண்கள் அச்சில் வெளியிட்ட 'ஊடறு', 2005இல் இணைய இதழாக மாறியது. ஆயினும் ஊடறு அச்சைக் கைவிடவில்லை. மலையகப் பெண்களின் கவிதைகளை 2007இலும், பெண் போராளிகளின் கவிதைகளை 2011இலும் நூலாக்கியது. இணையம் தூரத்தில் இருப்பவரைச் சேரும், காகிதம் கையில் நிற்கும். இரண்டும் வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

மீண்டும் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, பொறுப்பைப் பகிர்வது. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. மூவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, இயன்ற அளவில் நடத்துவது. மாதாமாதம் என்று அறிவித்துவிட்டு இரண்டாம் மாதம் நிற்பதிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாது வருவது மேல். மூன்றாவது, ஒவ்வோர் இதழையும் அச்செடுத்து கிராம நூலகத்தில் ஒரு பிரதி வைப்பது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சேமித்து வருகிறது. அங்கும் ஒரு பிரதி சேர வழி செய்யலாம். நான்காவது, தட்டச்சுத் தெரியாதவரை ஒதுக்காதிருப்பது. கையெழுத்தையும் குரல் பதிவையும் ஏற்று, தெரிந்த ஒருவர் தட்டச்சுச் செய்து கொடுக்கலாம். ஐந்தாவது, வந்த ஆக்கம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவது. திருத்துவதாயின் எழுதியவரைக் கேட்டே திருத்த வேண்டும். முதல் ஆக்கத்துக்குப் பதிலே வராவிட்டால் பலர் இரண்டாவதை எழுதமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சம்மதம். பழைய ஆக்கங்களை மீண்டும் ஏற்றுமுன் எழுதியவரிடம் கேட்க வேண்டும். அன்று சொந்தப் பெயரில் எழுதியவரின் நிலைமை இன்று மாறியிருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட கணவரைப் பற்றியோ முகாம் வாழ்க்கையைப் பற்றியோ எழுதியவை ஊரில் எவர் கண்ணில் படும் என்பது அவருக்கே தெரியும். புனைபெயர், ஊர்ப்பெயர் நீக்கம், படம் போடாதிருத்தல் என்பன அவரவர் உரிமை. அச்சிட்ட தாளைப் போலன்றி இணையப் பக்கம் நொடியில் எங்கும் பரவும். இதை எழுதுபவருக்கு முன்னரே விளக்கிச் சொல்வது இதழ் நடத்துபவரின் கடமை.

துயரத்தை எழுதும்படி எவரையும் வற்புறுத்தவும் கூடாது. போரால் பாதிக்கப்பட்ட பெண் போரைப் பற்றித்தான் எழுத வேண்டுமா? வயலும் மீனும் காதலும் சிரிப்பும் அவளுக்கும் உரியவை. எமது கதையைக் கேட்க வருவோர் தமக்குத் தேவையானதை மட்டும் குறித்துக்கொண்டு போவதை நாம் கண்டிருக்கிறோம். சொந்த இதழ் இருந்தால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

சகோதரிகளே, அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் புத்தகத்துடன் உங்கள் கொப்பியையும் எடுத்து வாருங்கள். வாசித்துக் காட்ட விருப்பமில்லாவிட்டால் பரவாயில்லை. முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைப்போம்.