திருப்பி அடித்த விளம்பரங்கள்: அன்றும் இன்றும்

ஆதம்பாக்கம் ஆலந்தூர் நகராட்சிக்குள் இருந்த காலத்தில் விளம்பரம் என்றால் முதலில் சுவர்தான். தெருமுனை மதில்களில் சிமென்டும் சலவை சோப்பும் பல்பொடியும் நீலத்திலும் மஞ்சளிலும் எழுதப்பட்டிருக்கும். ஓவியர் ஏணி போட்டு, நூல் பிடித்துக் கோடு இழுத்து எழுதுவார். ஒரு மதில் முடிய ஒரு பகல் ஆகும். எழுதியது இரண்டு மழைக்காலத்தையாவது தாண்டி நிற்கும். 2011இல் ஊர் சென்னை மாநகராட்சியின் 12ஆம் மண்டலத்துக்குள் வந்தது. அதற்கு முன்பே ஃப்ளெக்ஸ் அச்சு வந்து ஓவியரின் ஏணியை இறக்கிவிட்டிருந்தது. இன்று பறக்கும் ரயில் பாதைத் தூண்களில் போஸ்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன. மற்ற விளம்பரம் எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. சில நொடி தெரிகிறது, மறைகிறது.

விளம்பரம் வரும் வழி மாறியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைப் பார்த்து மனம் நொந்தவர் பதில் சொல்லும் வழியும் மாறியிருக்கிறது. அந்தப் பதில் ஒரு நிறுவனத்தைச் சென்று தாக்க அன்று எத்தனை ஆண்டுகள் ஆயின, இன்று எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைச் சிவப்பழகு கிரீமின் கதையை வைத்துப் பார்க்கலாம்.

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கிய அதே 1975இல்தான் இந்துஸ்தான் லீவரின் ஃபேர் அண்ட் லவ்லியும் விற்பனைக்கு வந்தது. முதலில் தென்னிந்தியாவில் விற்றுப் பார்த்துவிட்டுப் பிறகே நாடு முழுதும் கொண்டு போனார்கள். கறுப்பும் மாநிறமும் இயல்பாக உள்ள நம் வீடுகளில்தான் அந்தச் சோதனை நடந்தது. பின்னாளில் பொட்டலமாகவும் வந்து, பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. 1998இல் சென்னை நிறுவனமான கெவின்கேர், குங்குமப்பூவையும் பாலையும் சொல்லி ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. போட்டி கூடியது, சொன்ன செய்தி ஒன்றேதான். நிறம் குறைந்த பெண் தலை குனிந்திருப்பாள், கிரீம் பூசுவாள், சில வாரத்தில் வேலையோ மாப்பிள்ளையோ கிடைத்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழித்துப் போன வீடுகளில் அந்த விளம்பரம் ஓடும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

அன்று அந்த வீடுகளுக்குப் பதில் சொல்ல வழி இல்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம்; பத்தில் ஒன்று அச்சாகும். நிறுவனத்துக்கு எழுதலாம், பதில் வருவது அபூர்வம். விளம்பரத் துறையினர் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றம் 1985இலேயே வந்துவிட்டது என்றாலும், மும்பையில் இருக்கும் அதன் பெயரைப் புறநகர் வாசகர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

திருப்பம் ஒரு குறிப்பிட்ட விளம்பரத்தால் வந்தது. குடும்பம் பணமின்றித் தவிக்கிறது. மகன் இல்லையே என்று தந்தை ஏங்குகிறார். மகள் கிரீம் பூசி வெளுத்து, விமானப் பணிப்பெண் ஆகி, பெற்றோரை நட்சத்திர விடுதிக்கு அழைத்துப் போகிறாள். பெண் என்பதற்கு ஓர் அவமானம், கறுப்பு என்பதற்கு இன்னொன்று. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002இல் இதை எதிர்த்துக் கிளம்பியது. நிறுவனத்துக்கு எழுதியது, தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. புகார் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வரை சென்றது. ஏறக்குறைய ஓராண்டு போராட்டத்துக்குப் பின், 2003இல், இரண்டு விளம்பரங்கள் நின்றன. கிரீம் நிற்கவில்லை. ஆனால் நாடெங்கும் அந்த கிரீமைப் பற்றிய பேச்சு மாறத் தொடங்கியது.

அடுத்த படி சென்னையிலேயே எடுத்து வைக்கப்பட்டது. கவிதா இம்மானுவேல் நிறுவிய விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். 2014இல் விளம்பரத் தர மன்றம் விதி எழுதியது: நிறம் குறைந்தவரை அழகற்றவராகவோ, வருந்துபவராகவோ, வேலையிலும் திருமணத்திலும் பின்தங்கியவராகவோ காட்டக் கூடாது. 2020 ஜூலையில் ‘ஃபேர்’ என்ற சொல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்து போய் ‘க்ளோ’ வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த நேரம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிரீம் பிறந்து 45 ஆண்டுகள். முதல் விளம்பரம் நின்று 17 ஆண்டுகள்.

நகைக்கடைகளின் வேகம் வேறு. 2015 ஏப்ரலில் கல்யாண் ஜுவல்லர்ஸ், ஐஸ்வர்யா ராய்க்கு ஒரு கறுத்த சிறுவன் குடை பிடிக்கும் படத்தை வெளியிட்டது. அடிமைச் சிறுவனை அழகுப் பொருளாக்குகிறீர்கள் என்று செயற்பாட்டாளர்கள் திறந்த மடல் எழுதினார்கள். ஒரு வாரத்துக்குள் படம் திரும்பப் பெறப்பட்டது. மாதர் சங்கத்துக்கு ஓராண்டு பிடித்த வேலை அது.

கிரீம் பெயர் மாறிய 2020இலேயே வேறு இரண்டு சம்பவங்களும் நடந்தன. மே மாதம், முதல் ஊரடங்கில், தி.நகர் பேக்கரி ஒன்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் விட்டது. தங்களிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்பதையே அது தகுதியாகச் சொன்னது. கொரோனாவோடு ஒரு மதத்தை முடிச்சுப் போட்ட வதந்தி பரவிய நாட்கள். அந்த அச்சத்தை விற்பனைக்குப் பயன்படுத்தப் பார்த்தார்கள். ரொட்டியைப் பற்றிய விளம்பரம் ஊரெல்லாம் சுற்றி மாம்பலம் காவல் நிலையத்துக்குப் போய் நின்றது. உரிமையாளர் கைதானார். அந்த வேகத்தை நான் மனமார வரவேற்கிறேன். அது சுவரில் எழுதப்பட்டிருந்தால் மழை வரும்வரை நின்றிருக்கும்.

அக்டோபரில் தனிஷ்க் நகை விளம்பரம். முஸ்லிம் குடும்பத்துக்கு மருமகளாக வந்த இந்துப் பெண்ணுக்கு மாமியார் வளைகாப்பு நடத்துகிறார். இந்தச் சடங்கு உங்கள் வீட்டில் இல்லையே என்று மருமகள் கேட்கிறாள். அவ்வளவுதான் படம். புறக்கணிக்கச் சொல்லி எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே, ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நிறுவனம் அதை எடுத்துவிட்டது. அதன் பிறகுதான், விளம்பரத்தில் விதிமீறல் எதுவும் இல்லை என்று தர மன்றம் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் தண்டனை முடிந்திருந்தது. தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து வளர்த்த டைட்டன் குழுமத்தின் நகை அது என்பதால் எனக்குக் கூடுதல் வருத்தம்.

பேக்கரிக்கு விழுந்த அடியும் தனிஷ்குக்கு விழுந்த அடியும் கைபேசியில் பரவும் கோபம் என்ற ஒரே ஆயுதத்தால் விழுந்தவை. மாதர் சங்கத்தின் கடிதங்களில் காரணம் இருந்தது, கேள்வி இருந்தது. அந்த வழியில் நடந்தவர்களால்தான் 2014இல் ஒரு விதி பிறந்தது. அது எல்லா கிரீமுக்கும் பொருந்தும். தனிஷ்க் மீதான கோபத்தால் எந்த விதியும் பிறக்கவில்லை. அடுத்து அப்படியொரு படம் எடுக்க நினைப்பவருக்கு அச்சம்தான் மிஞ்சியது.

நம் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மேல் ஏறியது. உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. கட்சிகளும் நடிகர்களும் பேனர் வைக்க வேண்டாம் என்று தங்கள் ஆட்களைக் கேட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் பேனர்கள் திரும்பி வந்தன. பெருங்கோபம்கூட, பின்தொடர ஆள் இல்லாவிட்டால், இவ்வளவுதான் நிற்கிறது.

அன்று இல்லாத வழி ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மத்திய ஆணையம், திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். நடித்த நட்சத்திரத்தையும் விளம்பரங்களில் வராமல் தடுக்கலாம். ஒரு விளம்பரம் உங்களைப் புண்படுத்தினால், அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் முழுதாகப் பாருங்கள். அது பொய் சொல்கிறது என்று பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.