மீனைக் கொல்லாமல் கொழுப்பை அளப்பது எப்படி?

மீனின் உடலில் பெரும்பகுதி நீர். மீதி புரதம், கொழுப்பு, கொஞ்சம் தாதுப்பு. போட்ட தீனி சதையாகிறதா, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகத் தேங்குகிறதா என்பதை இவற்றின் அளவுதான் காட்டும். ஆய்வுகூடத்தின் பழைய முறையில், மீனைக் கொன்று அரைத்து, 105 பாகை செல்சியஸில் உலர்த்தி, ஈதரைக் கொண்டு கொழுப்பைப் பிரிப்பார்கள். கணக்கு துல்லியமாக வரும். ஆனால் அந்த மீனை அடுத்த மாதம் மறுபடி அளக்க முடியாது. சினைக்கென்று வளர்க்கும் மீன்களை இப்படி இழப்பது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது.

இந்தச் சிக்கல் இலங்கை மலையகத்துக்கும் உண்டு; அங்கே குளிர்நீர் மீனுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 2,100 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட் நிலைத்துவிட்டது. ஹட்டன் பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலும் மீன்குஞ்சுகள் விடப்படுகின்றன.

கொல்லாமல் அளக்கும் முறைகளில் எளியது தராசும் அளவுப் பலகையும். கிராமில் எடையை 100ஆல் பெருக்கி, சென்ரிமீற்றரில் நீளத்தின் மூன்றாம் அடுக்கால் வகுக்க வேண்டும். 30 செ.மீ. நீள மீன் 324 கிராம் இருந்தால் விடை 1.2, 270 கிராம் என்றால் 1.0, அதாவது மெலிந்த மீன். இதில் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டினி கிடக்கும் மீனில் கொழுப்பு கரைந்த இடத்தை நீர் நிரப்பிவிடும்; எடை அவ்வளவாகக் குறையாது. சினை பிடித்த பெட்டை மீனும் கொழுத்த மீனாகவே கணக்கில் வரும்.

நீர் கூடினால் கொழுப்பு குறையும், கொழுப்பு கூடினால் நீர் குறையும். தராசு முறையின் குறையை ஓரளவு தீர்க்கும் கருவிகள் பலவும் இந்த உறவை நம்பியே இயங்குகின்றன. ஸ்கொட்லாந்தில் தயாராகும் கையடக்கக் கொழுப்புமானி, மீனின் பக்கவாட்டில் வைத்ததும் வலுக்குறைந்த நுண்ணலைகளால் நீரை அளந்து, கொழுப்பைக் கணிக்கும். மின்தடை முறையில், மீனை நீரில் கலந்த கராம்பு எண்ணெயால் மயக்கி, ஈரம் துடைத்து, நான்கு மெல்லிய ஊசிமுனைகளை உடலில் பதித்து, மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். உப்பு கரைந்த நீருள்ள சதை மின்னோட்டத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அளவெடுத்ததும் மீனை நல்ல நீரில் விட்டால் சில நிமிடங்களில் நீந்தத் தொடங்கிவிடும். கண்டி, மாத்தளைப் பக்கம் விளையும் கராம்பின் எண்ணெயே இதற்குப் போதும் என்பது இங்குள்ளவர்களுக்கு நல்ல வசதி.

அகச்சிவப்புக் கதிர் முறையும் உண்டு. சி.டி. ஸ்கேன் உடலுக்குள் கொழுப்பு எங்கே தேங்கியுள்ளது என்பதையே படமாகக் காட்டும். அதன் விலையோ சிறு பண்ணைக்கு எட்டாதது.

எந்தக் கருவி வாங்கினாலும், அது காட்டும் எண்ணைக் கொழுப்பாக மாற்றிச் சொல்லும் சமன்பாடு அந்தந்த இனத்துக்குத் தனியாக வேண்டும். உடல் வெப்பம் ஏறினால் மின்தடை இறங்கும். ஆகவே சூடான தாழ்நிலக் குளத்துத் திலாப்பியாவுக்கு வகுத்த சமன்பாடு நுவரெலியாவின் குளிர்நீர் ட்ரவுட்டுக்கு உதவாது. மலையகப் பண்ணைகள் இன்றைக்குத் தராசையும் அளவுப் பலகையையும் ஒழுங்காகப் பயன்படுத்தித் தரவு சேர்ப்பதே முதல் வேலை. கருவி வரும்போது, இங்குள்ள மீன்களில் சிலவற்றை ஒரு தடவை பழைய முறையில் சோதித்துச் சமன்பாடு வகுத்தாக வேண்டும். அதன் பிறகு அதே இன மீன்களை உயிரோடு அளந்து நீரில் விடலாம்.