மருந்துக் கழிவிலிருந்து வளர்ப்பு மீன்களைக் காக்குமா மூலிகைச் சாறு?

பாலக்காடு: கேரள–தமிழக எல்லையில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள முதலமடை ஊராட்சி மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. காயத்ரிப்புழையின் நீரைத் தேக்கும் மீன்கரை, சுள்ளியாறு அணைகளும் இப்பகுதியில்தான் உள்ளன. மீன்கரை நீர் பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது. இத்தகைய நீரை நம்பிக் கட்லா, ரோகு, மிருகால் போன்ற கெண்டை இனங்களை வளர்ப்போருக்குத் தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி பழைய கவலை. மனிதர்களும் கால்நடைகளும் உட்கொள்ளும் மருந்துகளின் எச்சம் புதிய கவலை.

உட்கொள்ளும் மருந்து முழுவதும் உடலிலேயே செலவாகிவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி கழிவுடன் வெளியேறுகிறது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றை முழுமையாக நீக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. காவிரி நீரில் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் உள்ளிட்ட வலி நிவாரணிகளும், ரத்த அழுத்த மருந்துகளும், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் கலந்திருப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மருந்து ஆலைகள் நிறைந்த இடங்களில் நிலைமை மேலும் மோசம். ஐதராபாத் அருகேயுள்ள பட்டன்செருவில், ஆலைக் கழிவுகளைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-இல் வெளியான சுவீடன் ஆய்வாளர்களின் ஆய்வு தெரிவித்தது.

மீனுக்கு என்ன நேர்கிறது? லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராம் டைக்ளோஃபெனாக் கலந்த நீரில் நான்கு வாரங்கள் வைக்கப்பட்ட வானவில் டிரவுட் மீன்களின் சிறுநீரகமும் செவுள்களும் பாதிக்கப்பட்டதை ஜெர்மனி ஆய்வாளர்கள் 2004-இல் பதிவு செய்தனர். இந்தியாவில் கழுகு இனங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதால் 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்ட மருந்தும் இதுவே.

மீனின் கல்லீரல் இம்மருந்துகளைச் சிதைக்க முயலும்போது, செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவற்றை அடக்கும் கேட்டலேஸ் முதலிய நொதிகளும் குளூட்டாதயோனும் ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க இயலாமல் போகின்றன. செல் சவ்வின் கொழுப்பு சிதைகிறது. தாவரச் சாறுகளுக்கு இங்குதான் இடம் ஏற்படுகிறது. மஞ்சளின் குர்குமின், முருங்கை இலையின் பாலிஃபீனால்கள் போன்றவை அம்மூலக்கூறுகளைத் தணித்து, மீனின் தற்காப்பு நொதிகளையும் தூண்டுகின்றன. எனவே இவற்றைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறை ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டு வருகிறது.

எனினும் இது கவசமே தவிர வடிகட்டி அன்று. நீரிலுள்ள மருந்தைச் சாறு அகற்றுவதில்லை. கல்லீரல் நலமாக இருப்பதாலேயே மீன் இறைச்சியில் எச்சம் இல்லை என்றும் கொள்ள இயலாது. நீரில் மருந்தெதிர்ப்புத் திறன் பெறும் பாக்டீரியாக்களையும் இம்முறை தடுக்காது. ‘மூலிகை’ என்பதாலேயே தீங்கற்றது என்ற எண்ணமும் தவறு. வேம்புச் சாறு அளவு மிஞ்சினால் மீனுக்கே நஞ்சாகும். இலை பறிக்கப்படும் பருவம், சாறு எடுக்கும் முறை ஆகியவற்றுக்கேற்ப அதன் வீரியமும் மாறுபடும். தவிர, தீவனமிட்டு வளர்க்கும் குளங்களுக்கும் கூண்டுகளுக்கும் மட்டுமே இது பொருந்தும். மீன்குஞ்சுகளை விட்டு இயற்கை இரையில் வளரவிடும் அணைகளில் நடைமுறைக்கு ஒவ்வாது.

மூலிகைகளின் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கக்கூடும். நோய் கண்ட மீன்களுக்குப் பண்ணைகளில் இடப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் நீர் மாசுக்கு ஒரு காரணம். வேம்பு, துளசி, மஞ்சள் ஆகிய மூன்றின் கலவைச் சாறு, ஏரோமோனாஸ் பாக்டீரியா தொற்றிய பொன்மீன்களின் எதிர்ப்பாற்றலை மேம்படுத்தியதை ஆய்வாளர்கள் ஹரிகிருஷ்ணன், பாலசுந்தரம் குழுவினர் சோதனையில் கண்டனர். குளத்தில் மருந்து இடுவதற்கான தேவையே குறையுமானால், மாசும் அந்த அளவுக்குக் குறையும்.

வீடுகளிலிருந்து வரும் மருந்துக்கு மூலிகையில் தீர்வு இல்லை. காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையிலோ குப்பையிலோ போடாமல் திரும்பப் பெறும் ‘என்-ப்ரௌட்’ திட்டத்தைக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் சோதனை முறையில் தொடங்கியது. சேகரிக்கப்படும் மருந்துகள் அறிவியல் முறைப்படி அழிக்கப்படுகின்றன.