எபிசோடு 37: மலையைச் சுத்தி வர ஒரு நாள் போதுமா? குரங்கணி வட்டத்துக்குத் திட்டம் போட்ட கதை

(எபிசோடில் பேசியதைச் சுருக்கி எழுத்தாக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோடு வரல, ஏன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் மலையில இருந்தேன். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

என் டீம்ல ஒருத்தர் இத்தாலி போயிட்டு வந்து, டோலோமைட்ஸ்ல த்ரே சீமேங்கிற மலையைச் சுத்தி நடந்த போட்டோ எல்லாம் காட்டினார். நெட்டுக்குத்தா மூணு பாறை, அதைச் சுத்தி சுமார் 10 கி.மீ. பாதை. காலையில எங்க கிளம்புறீங்களோ அங்கேயே திரும்ப வந்து சேர்றீங்க. ஒரே நாள் வேலை. பார்த்து முடிச்சதும், "உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டார். எனக்கு ஊர் போடி பக்கம். சுருக்குன்னு இருந்துச்சு. "ஏன் இல்ல, குரங்கணி இருக்கு. டிசம்பர்ல போறோம், பிளான் நான் போடுறேன்"னு சொல்லிட்டேன்.

அந்த பிளான்ல எத்தனை தப்பு இருந்துச்சுங்கிறதுதான் இந்த எபிசோடு.

முதல்ல, இடம்

போடிநாயக்கனூர்ல இருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. போனா குரங்கணி. அதுக்கு மேல சென்ட்ரல் ஸ்டேஷன், அதுக்கும் மேல கேரள எல்லையில டாப் ஸ்டேஷன், சுமார் 1,700 மீட்டர் உயரம். பக்கவாட்டுல கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம், 2,000 மீட்டருக்கு மேல. கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம்தான். ஆனா வண்டியில போகணும்னா கேரளாவுக்குள்ள போய் சூரியநெல்லியில இருந்துதான் ஜீப் ஏறணும். அதுக்கும் பின்னாடி மீசப்புலிமலை, 2,640 மீட்டர்.

ஸ்டேஷன்னு ஏன் பேருன்னு கேட்பீங்க. மூணாறு தேயிலையை இறக்குறதுக்காக 1902-ல குண்டளைப் பள்ளத்தாக்குல ஒத்தைத் தண்டவாள ரயில் போட்டாங்க. 1908-ல அதைக் குறுகிய ரயில் பாதையா மாத்தினாங்க. அந்த லைன் முடியுற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில தொங்கிக்கிட்டே கீழே கொட்டகுடிக்கு வரும். அதுக்குப் பேரு பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வண்டி கட்டி போடிக்கு. 1924 வெள்ளத்துல ரயில் அடிச்சுட்டுப் போயிடுச்சு, பேரு மட்டும் நிலைச்சுடுச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன்னு கேட்டு பிளாட்ஃபாரத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. அது ஒரு சின்ன மலைக் குடியிருப்பு.

பேப்பர்ல போட்ட வட்டம்

என் முதல் பிளான் இதுதான். குரங்கணியில இருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியா டாப் ஸ்டேஷன் ஏறுறது. இறங்கும்போது வந்த வழியில வராம, பக்கத்துச் சரிவு வழியா குரங்கணிக்கே வந்துடறது. சாட்டிலைட் படத்துல அந்தச் சரிவுல வெள்ளையா ஒரு கோடு தெளிவா இருந்துச்சு. பாதைதான்னு நினைச்சு, அதுமேல விரலால ஒரு வட்டம் போட்டு, குரூப்ல அனுப்பியும் விட்டுட்டேன்.

அடுத்து நேரக் கணக்கு. இதுக்கு ஒரு பழைய விதி இருக்கு. 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. இன்னைய அளவுல சொன்னா, 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், கூடவே ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிஷம். ஏற்றம் 10 கி.மீ., உயரம் 1,200 மீட்டர்னு வைங்க. தூரத்துக்கு 2 மணி, உயரத்துக்கு 2 மணி, மொத்தம் 4 மணி நேரம். இறக்கத்துக்கு 3 மணி. காலை 6.30-க்குக் கிளம்பினா சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து மதியம் 2.30-க்குக் கீழே. சூப்பர்னு நினைச்சேன்.

நெய்ஸ்மித் கணக்கு மலைப் பழக்கம் உள்ளவனுக்கு, அதுவும் நிக்காம நடந்தா. நாங்க வருஷம் முழுக்க நாற்காலியில உட்கார்ற ஆளுங்க. அஞ்சு பேர் போனா வேகம் அஞ்சாவது ஆளோட வேகம்தான். அதனால ஒன்றரையால பெருக்குங்க. ஏற்றம் 6 மணி நேரம். இறக்கம் முட்டியைப் பிடிக்கும், அது 4. சாப்பாடு, ஓய்வு 1. மொத்தம் 11. இப்போ 6.30-க்குக் கிளம்பினா கீழே வர சாயங்காலம் 5.30.

டிசம்பர்ல இங்க சூரியன் ஆறு மணி சுமாருக்கு மறையும். ஆனா அது சமவெளிக் கணக்கு. குரங்கணி மலைக்குக் கிழக்கு அடிவாரத்துல இருக்கு. சூரியன் மலைக்குப் பின்னாடி போயிட்டா, மணி என்னவா இருந்தாலும் நிழல் விழுந்துடும். பள்ளத்துக்குள்ள அதுக்கு முன்னாடியே இருட்டும். ஆக, கையில மிச்சம் அரை மணி நேரம்கூட இல்ல.

ரோல்பேக் இல்லாத பாதை

பிளானை வீட்ல பெரியப்பாகிட்ட காட்டினேன். இளவயசுல சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சாமான் சுமந்து ஏறினவர். போனை வாங்கித் தூரமா வச்சுப் பார்த்தார்.

"இது என்னடா தம்பி கோடு?"

"இறங்குற பாதை பெரியப்பா."

"பாதையா? மழைத்தண்ணி அறுத்த ஓடைடா அது. பாதி இறங்கினா பாறை நிக்கும். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஏன்னா நான் அதை நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன், அவங்க என்னை நம்பி லீவு போட்டிருந்தாங்க.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு ரோல்பேக் தெரியும். புது வெர்ஷன் கவுந்துடுச்சுன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். போன வழியிலேயே திரும்புற நடைக்கு எப்பவும் ரோல்பேக் இருக்கு. முன்னாடி இருக்கிறது தெரியலைன்னாலும் பின்னாடி இருக்கிறது தெரியும். வட்டப் பாதையில பாதியைத் தாண்டிட்டா, திரும்புறதும் தூரம், முன்னாடி போறதும் தூரம். அதுலயும் நாம பார்க்காத பாதி, கால் அசந்து வெளிச்சம் குறையுற நேரத்துலதான் வரும்.

அப்போ த்ரே சீமேயில மட்டும் எப்படி முடியுது? அங்க ஏற்றமே மொத்தம் நானூறு மீட்டர் பக்கம்தான். கிளம்புற இடம் வரைக்கும் ரோடு போகுது. வழியில மலை விடுதிகள் இருக்கு, அவுரோன்சோ, லவாரேதோ, லொகாத்தெல்லின்னு. நடுவுல நின்னாலும் ஒரு கூரை, சாப்பாடு, விவரம் தெரிஞ்ச ஒரு ஆள். அந்த வட்டம் சுலபமா இருக்கிறதுக்கு இதெல்லாம்தான் காரணம். போட்டோவுல அது தெரியாது.

2018 மார்ச் 11

இதைச் சொல்லாம குரங்கணியைப் பத்திப் பேசக் கூடாது.

நான் அப்போ காலேஜ் மூணாவது வருஷம். ஞாயித்துக்கிழமை, வீட்டுக்கு வந்திருந்தேன். சாயங்காலம் மொட்டை மாடியில இருந்து பார்த்தா மலையில புகை. மாசி, பங்குனியில மலையில தீ எரியறதைப் பார்த்தே வளர்ந்தவங்க நாங்க, அதனால யாரும் பெருசா எடுத்துக்கல. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். மறுநாள் ஹெலிகாப்டர். மலையேற வந்திருந்த ரெண்டு குழுக்கள் இறங்கும்போது தீயில சிக்கினாங்க. ஆஸ்பத்திரியில இறந்தவங்களையும் சேர்த்து 23 உயிர் போச்சு. நிறைய பேர் என் வயசு, சிலர் ஐ.டி.யில வேலை பார்த்தவங்க.

தீ ஏன் சரிவுல அவ்வளவு மோசம்? சமதளத்துல தீ நிமிர்ந்து எரியும். சரிவுல தீ நாக்கு மேல இருக்கிற புல்லுக்குப் பக்கத்துலயே இருக்கு. எரியறதுக்கு முன்னாடியே அந்தப் புல் சூடாகிக் காய்ஞ்சுடும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு தீயணைப்பு ஆட்கள் கணக்கு வச்சிருக்காங்க. ஏத்தத்துல ஓடுற மனுஷன் அதை ஜெயிக்க முடியாது. ஓடை மாதிரி பள்ளம் இன்னும் ஆபத்து, புகைபோக்கி மாதிரி அனலை மேல இழுக்கும். நான் வட்டம் போட்டது அப்படி ஒரு ஓடை மேல.

அதனால புல் காய்ஞ்ச மாசத்துல போகவே கூடாது. இங்க ஐப்பசி, கார்த்திகையில மழை. அப்போ பாறை வழுக்கும், அட்டை கடிக்கும். மழை நின்னு புல் பச்சையா இருக்கிற டிசம்பர், ஜனவரிதான் சரி. பிப்ரவரி பாதியில இருந்து தீக்காலம்.

அனுமதி

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம். 2018-க்கு அப்புறம் மலையேற்றத்துக்குன்னே தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடு திட்டம் தொடங்கி, 40 பாதைகளுக்கு ஆன்லைன்ல புக்கிங் திறந்தாங்க. நம்ம பக்கம் குரங்கணி – சாம்பலாறு அதுல ஒண்ணு. பயிற்சி எடுத்த உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 2025-ல தீக்காலம்னு பிப்ரவரி 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பாதைகளை மூடியே வச்சிருந்தாங்க. என் வட்டம் இதுல எதுலயும் வராது. மேல எல்லை தாண்டினா இன்னொரு மாநில வனத்துறை வேற.

கடைசியில என்ன செஞ்சோம்

வட்டத்தை ரெண்டா வெட்டினோம். முதல் நாள் கீழ இருந்து, புக்கிங் உள்ள பாதையில வழிகாட்டியோட. இத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடறதுன்னு முன்னாடியே பேசி வச்சோம். ஒரு நேரத்துல, இத்தாலி போன அதே நண்பருக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. எனக்கு மனசே வரல. "இன்னும் கொஞ்ச தூரம்தானேண்ணே?"ன்னு வழிகாட்டிகிட்ட கேட்டேன். "தம்பி, மலை எங்கயும் போகாது. அவரைத் திருப்புங்க"ன்னார். திரும்பினோம். தெரிஞ்ச பாதை, மெதுவா வந்தோம், வெளிச்சத்துலயே கீழே வந்துட்டோம். என் முதல் பிளான்படி போயிருந்தா, அவருக்குக் கால் பிடிச்ச பிறகும் முன்னாடிதான் போயிருக்கணும், அந்த ஓடையை நோக்கி. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ரெண்டாவது நாள் ரோட்டு வழி. போடியில இருந்து போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன். காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்புகளுக்குப் பின்னாடியே போனோம். மலைத்தொடரைப் பாதி சுத்தி வந்து, மேல நின்னு எட்டிப் பார்த்தா நேர் கீழ நேத்து நடந்த சரிவு. நண்பர் அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இதுதானே நீ அனுப்பினது?"ன்னு கேட்டார். ஆமான்னேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

நீங்க பிளான் போடுறதா இருந்தா

1. பாதைக்கு அனுமதி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா மத்த கணக்கு எதுவும் வேண்டாம்.
2. மேப்ல தெரியற கோட்டை, அந்த வழியில நடந்த உள்ளூர் ஆள்கிட்ட காட்டிக் கேளுங்க.
3. நேரத்தைக் குழுவுல மெதுவா நடக்கிறவருக்குப் போடுங்க. இருட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கீழே இருக்கணும்.
4. திரும்புற நேரத்தை வீட்லயே முடிவு பண்ணுங்க. மலையில நின்னு முடிவு பண்ணாதீங்க.
5. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி, தலையில மாட்டுற டார்ச், விசில். பள்ளத்துல சிக்னல் இருக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணுங்க. எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கீழ ஒருத்தருக்குச் சொல்லிட்டுப் போங்க.
6. புகை தெரிஞ்சா மேல ஏறாதீங்க, ஓடைக்குள்ள இறங்காதீங்க. புல் இல்லாத பாறை, ரோடு, ஏற்கெனவே எரிஞ்சு ஆறின இடம், இதுல எது பக்கமோ அங்க போங்க.

பெரியப்பாவுக்கு இந்த எபிசோடை ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி சொல்லிக் காட்டினேன். "இவ்வளவு பேசணுமா? இறங்குற வழி தெரியாம ஏறாதேன்னு சொன்னாப் போதாதா?"ன்னு கேட்டார். சொல்லிட்டேன் மக்களே. அடுத்த வாரம் பார்ப்போம்.